தாபுவின் எடை

பந்தரினித் தீவில் விமான ஓடுபாதை ஊருக்கு வெளியே இல்லை, ஊருக்கு நட்டநடுவே கிடக்கிறது. சந்தையும் பள்ளிவாசலும் படகுத்துறையும் இந்தப் பக்கம். நல்ல தண்ணீர்க் கிணறும் பள்ளிக்கூடமும் மையவாடியும் அந்தப் பக்கம். ஆகவே நாளெல்லாம் யாராவது ஓடுபாதையைக் குறுக்கே கடந்துகொண்டேதான் இருப்பார்கள். குடத்தோடு பெண்கள், சைக்கிளில் மீன்காரர்கள், யாருக்கும் சொந்தமில்லாதவை போலத் திரியும் ஆடுகள். கடலுக்கு அப்பால் பெருநகரமான தாரிலிருந்து விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதும். ஊதினால் அவரவர் நின்ற பக்கமே நின்றுவிட வேண்டும்.

வந்துவிட்ட விமானத்தை வானத்திலேயே காக்க வைக்கும் தகுதி அந்த ஊரில் இரண்டுக்குத்தான் உண்டு. ஒன்று, பாதையில் படுத்துவிட்ட மாடு. இன்னொன்று, பிணத்தை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போகும் சந்தூக்கு. மாட்டுக்காக விமானி திட்டிக்கொண்டே கடலைச் சுற்றுவான், சந்தூக்குக்காகத் திட்டாமல் சுற்றுவான். உயிரோடு இருக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் விமானம் ஒரு நிமிடம் நிற்காது.

சங்கு ஊதுகிறவன் மிஹாம்போ. டிக்கெட் பார்ப்பதும், பெட்டிகளையும் ஆட்களையும் எடை மேடையில் ஏற்றி நிறுப்பதும் அவன்தான். விமானம் சின்னது, ஒற்றை விசிறி. பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினால் விமானியின் முழங்கை பக்கத்தில் இருப்பவன் விலாவில் இடிக்கும். எடை ஒரு மூட்டை கூடினாலும் எழும்பாது. யார் போவது, எது நிற்பது என்று கடைசியில் முடிவு செய்கிறவன் மிஹாம்போ. சின்ன நாற்காலிதான், ஆனால் ஊர் முழுக்க அவனுக்குச் சலாம் போட்டது.

ஒரு ஆள் மட்டும் போடவில்லை. அவள் தாபு. விமான நிலையக் கம்பி வேலிக்கு வெளியே பாதாம் மரத்தடியில் இஞ்சி டீயும் மந்தாசிப் பணியாரமும் விற்றுக்கொண்டிருந்தவள். மீன்பிடிக்கிற கோம்போவுக்கு வாழ்க்கைப்பட்டுத் தீவுக்கு வந்தவள், கடற்கரை ஸராமோ இனத்துக்காரி. மிஹாம்போவோ உள்நாட்டில் எங்கோ தபோராவிலிருந்து மாற்றலில் வந்த நியாம்வேசி இனத்துக்காரன். கடலை முதன்முதலாகப் பார்த்த அன்று "இவ்வளவு தண்ணியிலும் யாருய்யா உப்பைக் கொட்டினது?" என்று அவன் கேட்டதாக ஊர் முழுக்கக் கதை உண்டு. அவன் கேட்கவே இல்லை. கட்டிவிட்டவள் தாபு.

அவள் அப்படிக் கட்டிவிடலாம், அது அவள் உரிமை. நியாம்வேசிக்கும் ஸராமோவுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. அந்தக் காலத்தில் யானைத் தந்தம் சுமந்து கடற்கரைக்கு வந்தவர்கள் இவன் ஆட்கள். அவர்களுக்குச் சோறும் நிழலும் கொடுத்து, முடிந்தபோது ஏமாற்றவும் செய்தவர்கள் அவள் ஆட்கள். அந்த உறவுக்கு உதானி என்று பெயர். இந்த முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன பேசினாலும் கோபிக்கக் கூடாது, கோபித்தவருக்குத்தான் அவமானம். சாவு வீட்டிலும் விட மாட்டார்கள். முறைக்காரன் வந்து செத்தவரைப் போலப் பேசிக் காட்டுவான், நடந்து காட்டுவான், சந்தூக்கை வழிமறித்து ஏதாவது கொடுத்தால்தான் விடுவான். அவன் வராத சாவு வீட்டில் அழுகைகூடச் சரியாக வராது என்பார்கள்.

ஆக, விமானம் வரும் நாளெல்லாம் பந்தரினியில் ஒரு கூத்து நடக்கும். பயணிகள் வரிசையில் நிற்கும்போது தாபு டீக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, எடை மேடையில் தொம்மென்று ஏறி நிற்பாள்.

"ஏ சுமைதூக்கி! நான் சாகக் கிடக்கேன். இந்த பிளேன்ல என்னைத் தாருக்கு அனுப்பு."

"செத்துப் போனா சரக்குக் கட்டணம், உசுரோட போனா ஆள் கட்டணம். எது கட்டுப்படியாகும்னு யோசிச்சுட்டு வா."

"உன் முதுகுல ஏறிப் போறேன். உன் பாட்டன் எங்க பாட்டனுக்கு யானைக் கொம்பு தூக்கின முதுகுதானே!"

"கொம்பைத் தூக்கலாம் தாயே. யானையை எப்படித் தூக்கறது?"

எடை மேடையின் ஊசி எண்பதைத் தாண்டி ஆடும். ஜனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். பயணம் இல்லாதவர்களே இதைப் பார்ப்பதற்கென்று வந்து கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பெருநாளுக்குப் புதுத் துணி உடுத்தி, பெரிய சூட்கேசோடு வந்து, "டிக்கெட் போடுடா" என்றாள். மிஹாம்போ நம்பி, பெட்டியைத் தூக்கினான். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கத் தேங்காய் நார். இன்னொரு தடவை வெள்ளைத் துணியைத் தலைவரை போர்த்திக்கொண்டு மேடையிலேயே நீட்டிப் படுத்துவிட்டாள். சரக்காக ஏற்றிக்கொள் என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. அதை நினைத்தால் அன்றைய விமானி இப்போதும் சிரிப்பான்.

ஒன்பது வருஷம் இப்படி. இரண்டு பேரும் ஒரு தடவைகூட நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவனுக்கு மலேரியா வந்து கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள் தாபுதான். கொண்டுவந்தவள் வாசலில் நின்று, "விஷம் போட்டிருக்கேன், மிச்சம் வைக்காமக் குடி" என்றாள். அவன் குடித்துவிட்டு, "விஷத்துல உப்பு கம்மி" என்றான். அவர்களுக்குள் பிரியம் என்று ஒன்று இருந்தால் அது இந்த வழியாகத்தான் போயிற்று, வந்தது. வேறு வழி இருவருக்கும் தெரியாது.

போன நோன்புக்குப் பிறகு ஊசி எண்பதுக்கு வரவில்லை. எழுபதுக்குப் பக்கத்திலேயே நின்றது. "நோன்பு உனக்குத்தான்டி பலிச்சிருக்கு" என்றான் மிஹாம்போ. அடுத்த சில மாதங்களில் ஊசி அறுபதுகளில் ஆடியது.

"மிச்சத் தாபு எங்க? வீட்ல வெச்சுட்டு வந்துட்டியா?"

"உனக்காகத்தான்டா கொறைச்சிட்டு வரேன். தூக்கறப்ப இடுப்பு பிடிச்சுக்கிட்டு அழுவியே."

எல்லோரும் சிரித்தார்கள். எடை போடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் அவன். யாராவது சட்டைக்குள் நாலு மாம்பழத்தை ஒளித்துக்கொண்டு மேடையில் ஏறினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான், "பழத்தை எடுத்து வெளியில வை" என்று. அப்பேர்ப்பட்ட கண். ஒரு பெண் தன் கண் முன்னால், தன் தராசில், மாதாமாதம் கரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அதிலிருந்து நகைச்சுவை மட்டும் எடுத்துக்கொண்டது. என்ன கண்ணோ அது.

அந்த நாள் தென்காற்று பலமாக வீசிய நாள். காற்றுத் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. விமானம் வந்து இறங்கி, தாருக்குத் திரும்பப் பயணிகள் வரிசையில் நின்றார்கள். வர வேண்டிய ஒரு ஆள் வரவில்லை, ஒரு இருக்கை காலி. தார் ஓட்டல்களுக்குப் பேய்க்கணவாய் அனுப்புகிற ரஷீதி ஐஸ் பெட்டிகளோடு ஓரமாகக் காத்திருந்தான். காலி இருக்கை என்றால் ஒரு ஆள் எடைக்குச் சரக்கு ஏற்றலாம் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போது தாபு வந்தாள். கையில் கெட்டில் இல்லை. நல்ல சிவப்புக் கங்கா துணி உடுத்தியிருந்தாள், தோளில் ஒரு பை. மெல்ல நடந்து வந்தாள். ஜனங்கள் இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

"மிஹாம்போ," என்றாள்.

சுமைதூக்கி என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் தன் பெயரை அவள் வாயில் அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. புதுசாக ஏதோ ஆரம்பிக்கிறாள் என்று அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"சொல்லுங்க மகாராணி."

"இன்னிக்கு நான் போகணும். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"எந்த டாக்டரு? நம்ம மாட்டு டாக்டரா?"

வேலிக்கு வெளியே முதல் சிரிப்பு கிளம்பியது.

"உள்ள கட்டி இருக்காம். உடம்புல ரத்தமே இல்லையாம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்."

"ஸராமோக்காரங்களுக்கு ரத்தம் எப்ப இருந்துச்சு? உங்களுக்கு இளநிதானே ஓடுது!"

விமான நிலையமே அதிர்ந்தது. தாபு மேடையில் ஏறினாள். தொம்மென்று ஏறவில்லை, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஊசி ஐம்பதைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மிஹாம்போ தராசின் கண்ணாடியை விரலால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"ஐயா, பாத்துக்கங்க எல்லாரும். தராசு செத்துப் போச்சு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் உடனே வரவில்லை. தாபுவுக்குப் பதில் தாமதமாக வருவதா? அந்தக் கொஞ்ச நேரத்தில், உதடுகள் வெளுத்திருப்பதை அவன் பார்த்தான். கண்ணின் கீழே தோல் தொங்குவதையும் பார்த்தான். பார்க்கவில்லை என்று பிற்பாடு தன்னிடமே சொல்லிப் பார்த்தான், அது எடுபடவில்லை. அந்த அமைதியில் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவள் அழுதிருப்பாள், அவள் அழுதால் அவனுக்குப் புரிந்திருக்கும். ஆனால் சுற்றி அத்தனை முகங்கள் அடுத்ததுக்குக் காத்திருந்தன. அவன் வாய் சும்மா இருந்து பழகியதில்லை.

"என்ன, வசனம் மறந்து போச்சா?" என்றான்.

அவள் உதட்டோரம் மெல்ல உயர்ந்தது. முறைக்காரியாயிற்றே, விட்டுக்கொடுப்பாளா.

"தராசு நல்லாத்தான்டா இருக்கு. படிக்கிறவனுக்குத்தான் கோளாறு."

கைதட்டல். அவள் துணியின் முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். டிக்கெட் காசு.

"முடிச்சுல என்ன? தேங்கா நாரா?"

அவிழ்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவள் முடிச்சை மறுபடியும் இறுக்கினாள்.

"அண்ணே," என்று ரஷீதி இடையில் வந்தான். "ஒரு சீட்டு காலின்னீங்களே. பெட்டிய ஏத்திரட்டுமா? வெயில்ல கெட்டுரும்."

"ஏத்து, ஏத்து. பேய்க்கணவாய்க்கு எட்டு கால் இருந்தாலும் வாய் கிடையாது, பேசாம வரும்." பிறகு தாபுவிடம் திரும்பினான். "கோவிச்சுக்காத. அது வெயில்ல கெட்டுரும். நீ கெட மாட்ட, உன்னை உப்புல போட்டுல்ல வளத்திருக்காங்க."

அவள் சிரித்தாள். அதுதான் கொடுமை. நன்றாகவே சிரித்தாள். பெட்டிகள் ஏறின, பயணிகள் ஏறினார்கள். அவள் பாதாம் மரத்தடியில் தன் பலகையில் உட்கார்ந்து, விமானம் ஓடி எழும்பிக் கடல் மேல் சிறுத்துப் போவதைப் பார்த்தாள். அவன் சங்குக் கைப்பிடியை விட்டுவிட்டு அந்தப் பக்கமாக வந்தபோது, "சரிடா சுமைதூக்கி," என்றாள், "எப்படியிருந்தாலும் நீதான் என்னைத் தூக்கப் போற."

"பிலாவ் போட்டாத் தூக்கறேன். வெறுஞ்சோறுன்னா இப்பவே சொல்லிரு."

அவள் எழுந்து கம்பி வேலியை ஒவ்வொரு பிடியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காவலாளி மகாமேயிடம் மிஹாம்போ அதைக் கையால் காட்டி, "நடிப்பைப் பாத்தியா? மேடை முடிஞ்சும் வேஷத்தைக் கலைக்க மாட்டேங்கறா" என்று மெச்சிக்கொண்டான்.

மறுநாள் காலை பாதாம் மரத்தடியில் பலகை மட்டும் கிடந்தது. கெட்டில் இல்லை, அடுப்புக் கல்லில் புகை இல்லை. மகாமே வாசலில் அவனுக்காகவே நின்றுகொண்டிருந்தான்.

"உன் முறைக்காரி போயிட்டா," என்றான்.

"எங்க? படகுலயா? இந்தக் காத்துலயா?"

"மௌத்தாயிட்டா. விடியத் தொழுகைக்கு பாங்கு சொல்றதுக்குக் கொஞ்சம் முன்ன."

மிஹாம்போ சிரித்துவிட்டான். "பலே! சாவுச் சேதியவே சொல்லி அனுப்பிட்டாளா? போய்ச் சொல்லு, இதுக்கெல்லாம் இந்த நியாம்வேசி அசர மாட்டான்னு."

மகாமே சிரிக்கவில்லை. மகாமே தீவுக்காரன். அவனுக்கும் மிஹாம்போவுக்கும் எந்த முறையும் கிடையாது. கேலிக்கு இடமே இல்லாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மிஹாம்போ எவ்வளவு நேரம் நின்றானோ. அவன் வாயில் சிரிப்பு அப்படியே கிடந்தது, அதை எடுத்துவிட மறந்துபோயிருந்தான்.

சாவு வீட்டு முற்றத்தில் பாய்கள் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள் ஒருவரும் அன்று கடலுக்குப் போகவில்லை. பெண்கள் உள்ளே இருந்தார்கள். மிஹாம்போ வேலிப்படலைத் திறந்ததும் முற்றத்தில் ஒரு அசைவு ஏற்பட்டது. அழுது களைத்த முகங்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின, ஒரு ஆறுதலோடு திரும்பின. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது:

"வந்துட்டான்யா சுமைதூக்கி! அவ இருக்கற வரைக்கும் ஒரு சீட்டு குடுக்கல, இப்ப எதுக்கு வந்தானாம்?"

முற்றம் முணுமுணுப்பாகச் சிரித்தது. அந்தப் பெண் வழக்கத்துக்குச் சொன்னாள்.

கோம்போ எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். உப்பிலும் வெயிலிலும் காய்ந்த கனத்த கை அது.

"வருவேன்னு தெரியும். நீ வராம யாரு வருவா," என்றான். "நான் நேத்து கடல்ல இருந்தேன்டா. பொழுது சாஞ்சுதான் வந்தேன். அவ இங்க படுத்துக் கெடந்தா. டாக்டரம்மா சொன்னாங்களாம், நான் ஏர்போர்ட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன், ஒனக்குன்னு எடம் வெச்சுருவாங்கன்னு. இவ வேணாம்னுட்டாளாம். அங்க இருக்கறவன் என் ஆளு, நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னாளாம்."

கோம்போ அவன் கையை விடவில்லை.

"எடமில்லாமப் போச்சுன்னு சொன்னா. நான் கத்தினேன். என்னய்யா அவன், உனக்கு ஒரு எடம் பண்ண மாட்டானான்னு. அவதான், அவன் என்ன பண்ணுவான் பாவம், பிளேன் நெறைஞ்சுபோச்சு, நாளைக்கு அனுப்பறேன்னிருக்கான்னா."

அவன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சாகப் போகிற நேரத்தில் அவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவனைப் பற்றி அவள் சொன்னதிலேயே இந்த ஒன்றுதான் கேலி கலக்காதது. அதையும் அவனிடம் சொல்லவில்லை.

"கோம்போ," என்றான். "எடம் இருந்துச்சு."

கோம்போ நிமிர்ந்து பார்த்தான்.

"பொய் இல்ல. ஒரு சீட்டு காலியா இருந்துச்சு. அவ வந்து கேட்டா. நான் குடுக்கல."

கோம்போவின் தாடை ஆடியது. அழப் போகிறான் என்று மிஹாம்போ நினைத்தான், ஓங்கி அறையப் போகிறான் என்றும் நினைத்தான், அறைய வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். கோம்போவின் தொண்டையிலிருந்து சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"ஆரம்பிச்சுட்டான்!" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினான், கன்னமெல்லாம் கண்ணீர். "கேட்டீங்களா? எடம் இருந்துச்சாம்! இவன்தான் குடுக்கலையாம்!"

முற்றம் எழுந்து உட்கார்ந்தது.

"விளையாட்டு இல்லய்யா," என்றான் மிஹாம்போ. "கேளுங்க. அந்த எடத்துல பேய்க்கணவாய்ப் பெட்டிய ஏத்திட்டேன். அவளைக் கீழ நிறுத்திட்டு மீனை ஏத்தி அனுப்பினேன்."

ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துக் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டார். "பேய்க்கணவாய்க்கு பெல்ட்டு போட்டு விட்டியா? எட்டு கையையும் கட்டினியா?" என்று யாரோ கேட்டார்கள். உள்ளே பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு பரவியது, அதன் கூடவே விம்மலும் பெருகியது. காலையிலிருந்து அடைத்துக் கிடந்த அழுகை அப்போதுதான் வழி கண்டது.

"நான்தான்யா அவளைக் கொன்னேன்!"

அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. முறைக்காரன் சாவு வீட்டில் சொல்வதை யார் நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள்? அவன் கிறிஸ்தவன். பைபிளைக் கொண்டுவந்து அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பார்கள். நேற்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் பலர் அங்கே இருந்தார்கள், பெட்டி ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களும் சிரித்தார்கள். இன்று சிரிக்காவிட்டால் நேற்றுச் சிரித்ததற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ரஷீதி மட்டும் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோம்போ மிஹாம்போவைக் கட்டிக்கொண்டான். "அவ இதைக் கேட்டிருக்கணும்டா," என்று அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். "கேட்டிருந்தா எப்படிச் சிரிச்சிருப்பா. நல்லா அனுப்பி வெச்சடா அவளை."



மதியத் தொழுகை முடிந்து சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கக் கம்பு ஒன்றைத் தோளில் வாங்கிக்கொண்டான் மிஹாம்போ. வழியில் ஆள் மாற்ற வந்தார்கள், அவன் விடவில்லை. மரத்தின் எடை போக மீதி எவ்வளவு என்று அவன் தோளுக்குத் தெரிந்தது. தெரியாமல் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஓடுபாதை ஓரத்தில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது, மகாமே ஊதினான். கடல் பக்கம் விமானம் தெரிந்தது, சக்கரங்கள் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. மகாமே ஒயர்லெஸ்ஸில் "சந்தூக்கு கடக்குது, சந்தூக்கு கடக்குது" என்று இரண்டு தடவை சொன்னான். விமானம் மூக்கை உயர்த்தி, ஊர் மேல் இரைந்துகொண்டு போய்க் கடலைச் சுற்றத் தொடங்கியது. மிஹாம்போ அண்ணாந்து பார்த்தான். நேற்று இவளுக்காக ஒரு பெட்டி நிற்கவில்லை. இன்று விமானமே நிற்கிறது.

ஓடுபாதையின் நடுவில் வெள்ளைக் கோட்டுக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். கால் எழவில்லை. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நொடி கழித்து எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

"மறிச்சுட்டான்! முறைக்காரன் மறிச்சுட்டான்!"

"நடு ரன்வேயிலயா மறிப்ப? அடேய், பிளேன் சுத்துதுடா!"

"குடுத்து அனுப்புங்கய்யா, இல்லாட்டி நகர மாட்டான், நியாம்வேசிப் பய!"

கோம்போ முன்னால் வந்தான். சட்டைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து மிஹாம்போவின் பையில் போட்டு, அதை உள்ளங்கையால் தட்டிவிட்டான். "கூலி குடுத்தாச்சு. தூக்கு, சுமைதூக்கி," என்றான். அழுதுகொண்டே அவளைப் போலவே சொன்னான், குரலை இழுத்து.

மிஹாம்போ நடந்தான்.

அடக்கம் முடிந்து அவன் திரும்பி வந்தபோது விமானம் இறங்கி நின்றிருந்தது. விரல் இடுக்குகளில் மண் அப்படியே இருந்தது. தாருக்குப் போக வேண்டியவர்களில் பாதிப் பேர் சாவு வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். கடலுக்கு யாரும் போகாததால் பேய்க்கணவாயும் இல்லை, பெட்டியும் இல்லை. இருந்த சிலரை எடை மேடையில் ஏற்றி இறக்கினான். மேடையின் பக்கத்தில் கூட்டம் இல்லை, வேலியிலும் ஆள் இல்லை.

விமானி கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான்.

"என்னய்யா, நாலு சீட்டு காலியாக் கெடக்கு? இன்னும் யாராவது வரணும்னா சொல்லு. எப்படியும் லேட்டாயிருச்சு, கொஞ்ச நேரம் நிக்கறேன்."

மிஹாம்போ திரும்பிப் பார்த்தான். தராசின் ஊசி சைபரில் நின்றது. அதற்கு அப்பால் பாதாம் மரத்தடியில் பலகை கிடந்தது.

"யாரும் இல்ல," என்றான். பிறகு சங்கு ஊதப் போனான்.